துவிச்சக்கர வண்டியில் வேலைக்குச் செல்வோர் எவ்வளவு விசையாக உழக்கலாம்?



வேலைக்குச் செல்லவும் வீடு திரும்பவும் துவிச்சக்கர வண்டியை நம்பியிருப்போர் நம் நாட்டில் மிகப் பலர். சிறப்பாக யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதனைத் தவிர்த்துக் காலை வேளைத் தெருவொன்றை எண்ணிப் பார்ப்பதே அரிது. குன்றும் மேடும் இல்லாத சமநிலம் அது. ஊர்களோ ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடப்பன. ஆசிரியரும் எழுதுவினைஞரும், மேசனும் தச்சரும், கடைச் சிப்பந்தியும், புத்தகப் பையைக் கூடையிலிட்ட மாணவியும் ஒரே தெருவில் ஒரே வகை வண்டியில் ஏறிச் செல்வர். 1990களிற் போர் காரணமாக எரிபொருள் தடைப்பட்டிருந்தபோது குடாநாட்டைத் தாங்கி நின்றது இவ்வண்டியே. 2022இற் பெற்றோலுக்காக நாடு முழுவதும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, கொட்டிலிலே ஆண்டுக்கணக்காகச் சாத்தி வைத்திருந்த வண்டிகள் தூசி தட்டப்பட்டு மீண்டும் தெருவுக்கு வந்தன.

அவ்வாறு வண்டியேறியவர்களுட் சிலர் அதன்பின் அதனை விட்டு இறங்கவேயில்லை. வேறு பலர் ஒரு மாதத்துக்குள் அதனைக் கைவிட்டனர். கைவிட்டோரை வினவினால் அவர்கள் கூறும் காரணங்கள் பெரும்பாலும் ஒரே வகையினவாயிருக்கும்: சட்டை முழுவதும் வியர்வையால் நனைந்துவிடுகிறது, முழங்கால் நோகிறது, பத்து மணிக்கெல்லாம் கந்தோர் மேசையில் நித்திரை வருகிறது. இம்மூன்றும் துவிச்சக்கர வண்டியின் குற்றங்கள் என்று எண்ணப்படுகின்றன. உண்மையில் இவை மூன்றும் தேவைக்கு மிஞ்சிய வேகத்தின் விளைவுகளே. ஆகவே, நாள்தோறும் வேலைக்குச் செல்லும் ஒருவர் தம் உடலை எவ்வளவுக்கு வருத்தி உழக்கலாம், எவ்விடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தூரம். நிமிர்ந்திருந்து ஓட்டும் சாதாரண வண்டி ஒன்றில், நடுத்தர உடல்வாகுள்ள ஒருவர், காற்றில்லாத ஒரு காலையில், மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் இத்தூரத்தைக் கடக்கிறார் என்க. அவருக்கு 40 நிமிடம் ஆகும். அவ்வேகத்தில் அவருடைய கால்கள் மிதிகளுக்குக் கொடுக்கும் வலு ஏறத்தாழ 50 உவாற்று. மின்குமிழ்களிற் பொறிக்கப்பட்டிருக்கும் அதே அலகுதான் இது. அவரே வேகத்தை 20 கிலோமீற்றராக உயர்த்தினால் 30 நிமிடத்திற் போய்ச் சேர்வார். ஆனால் அதற்கு வேண்டிய வலு 90 உவாற்றுக்கு மேற்படும். 25 கிலோமீற்றராக உயர்த்தினாலோ 24 நிமிடம் போதும். வலு 150 உவாற்றைத் தாண்டிவிடும்.

இக்கணக்கின் இயல்பைக் கவனியுங்கள். முதலிற் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிப்பதற்கு உழைப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டியிருந்தது. அடுத்து வெறும் ஆறு நிமிடத்தை மிச்சம் பிடிப்பதற்கு, முதலில் இருந்த உழைப்பை மூன்று மடங்காக்க வேண்டியதாயிற்று. இதற்குக் காரணம் காற்று. வண்டிச் சக்கரம் நிலத்தில் உருள்வதால் ஏற்படும் தடை வேகத்தோடு பெரிதாக மாறுவதில்லை. ஆனால் நாம் கிழித்துச் செல்லும் காற்றின் தடை, வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்காகிறது. அத்தடையை வெல்வதற்கு வேண்டிய வலுவோ எட்டு மடங்காகிறது. நாணயத்தை அள்ளிக் கொடுத்து நிமிடங்களை வாங்குவது போன்றதொரு வாணிகம் இது. முதலில் வாங்கும் நிமிடங்கள் மலிவு. பின்னர் வாங்குபவை கொள்ளை விலை. கந்தோருக்கு ஆறு நிமிடம் முந்திச் செல்ல விரும்புபவர், வீட்டிலிருந்து ஆறு நிமிடம் முந்திப் புறப்படுவாராயின் அவ்விலையைக் கொடுக்க வேண்டியதேயில்லை.

இதுவரை காற்றில்லாத காலையைப் பற்றிப் பேசினோம். ஆனால் குடாநாட்டிற் காற்றில்லாத காலைகள் எத்தனை? நம் முன்னோர் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு வைத்தனர். தெற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வருவது சோழகம். மேற்கிலிருந்து வருவது கச்சான். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். வடக்கிலும் வடகிழக்கிலுமிருந்து வருவது வாடை. கடற்றொழிலாளர் மட்டும் அறிந்து பயன்பெற வேண்டிய பெயர்கள் அல்ல இவை. வண்டி உழக்குபவரும் இவற்றை அறிந்திருத்தல் நன்று.

வடமராட்சியிலிருந்து வல்லைவெளியூடாக வலிகாமத்துக்கும் பட்டினத்துக்கும் வேலைக்கு வருபவரை எடுத்துக்கொள்வோம். அவர் காலையிற் செல்லும் திசை பெரும்பாலும் தென்மேற்கு. மே மாதந் தொடக்கம் செப்டெம்பர் வரையில் வீசும் சோழகம் அவர் முகத்திலேயே அறையும். வல்லைவெளியில் ஒதுங்குவதற்கு மரமில்லை, மதிலில்லை, பனையோலை வேலியும் இல்லை. இரு மருங்கும் வெளியும் நீரும். பண்ணைப் பாலத்தின் வழியாகத் தீவுப் பகுதிக்கு வேலைக்குச் செல்லும் ஆசிரியர்க்கும், பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகருக்குச் செல்வோர்க்கும் இதே அனுபவம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் வாடை வீசும்போது நிலைமை மாறும். வடமராட்சியார் காலையிற் பறந்து வருவர். மாலையில் வீடு சேர்வதுதான் பாடு.

மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் எதிர்க்காற்றிலே, அமைதியான நாளிற் சென்ற அதே 15 கிலோமீற்றர் வேகத்தைக் காக்க ஒருவர் முனைந்தால் என்னாகும்? அவர் உடலின்மேல் மோதும் காற்றின் வேகம் 30 கிலோமீற்றராகிவிடும். அவர் கால்கள் 50 உவாற்றுக்குப் பதிலாக ஏறக்குறைய 125 உவாற்றைத் தர வேண்டும். அஃதாவது இரண்டரை மடங்கு. இங்கேதான் பலர் தம்மை அறியாமலே தம் உடலை முறிக்கின்றனர். அவர்கள் மனத்தில் ஒரு நேரக் கணக்கு இருக்கிறது: இத்தனை மணிக்கு இந்தச் சந்தி, இத்தனை மணிக்கு அந்தக் கோயில் வாசல் என்று. காற்று அக்கணக்கைக் குழப்பும்போது, கணக்கைத் திருத்தாமற் காலைத் திருத்த முனைகின்றனர். பல்லைக் கடித்துக்கொண்டு உழக்குகின்றனர்.

செய்யத்தக்கது வேறு. உழைப்பை மாற்றாது வைத்துக்கொண்டு வேகத்தைக் குறைய விடுவதே முறை. அதே 50 உவாற்று வலுவோடு அந்த எதிர்க்காற்றிற் சென்றால் வேகம் மணிக்கு 9 கிலோமீற்றர் அளவுக்கு இறங்கும். மாலையில் அதே காற்று முதுகைத் தள்ளும்போது, அதே உழைப்புக்கு 23 கிலோமீற்றர் அளவு கிடைக்கும். ஆயினும் காலையில் இழந்ததை மாலையிற் சரிக்குச் சரி மீட்டுவிடலாம் என்று எண்ணலாகாது. பத்துக் கிலோமீற்றருக்குப் போகும்போது 67 நிமிடமும் வரும்போது 26 நிமிடமும் ஆகும், மொத்தம் 93. காற்றில்லாத நாளின் மொத்தமோ 80 நிமிடமே. எதிர்க்காற்று பறித்ததில் ஒரு பகுதியைத்தான் பின்காற்று திருப்பித் தருகிறது. எனவே சோழக காலத்தில் வீட்டிலிருந்து புறப்படும் நேரத்தையே மாற்றிவிட வேண்டும். வெயில் ஏறி நிலம் சூடாகும்போது காற்றும் வலுப்பது வழக்கமாதலால், முந்திப் புறப்படுபவர்க்கு இருவழியில் நயமுண்டு: நேரமும் மிகுதி, காற்றும் குறைவு.

காற்றைப் பற்றி இன்னொன்று. இருவர் மூவர் ஒருவர் பின் ஒருவராகச் சென்றால் பின்னால் வருபவர்க்குக் காற்றின் சுமை கணிசமாகக் குறையும். ஓட்டப் பந்தயக்காரர் முறைவைத்து முன்னே செல்வது இதனாலேயே. ஒரே ஊரிலிருந்து ஒரே திசைக்கு வேலைக்குச் செல்லும் நண்பர்கள் இதனைச் செய்து பார்க்கலாம். ஆனால் லொறிக்கும் உழவு இயந்திரத்துக்கும் பின்னே ஒதுங்கிச் செல்வதை ஒருபோதும் செய்யலாகாது. அவை திடீரென நின்றால் நமது பிறேக் அவ்வளவு திடீரென நிறுத்தித் தரமாட்டாது.

இனி வியர்வை. மனித உடல் ஓர் இயந்திரமென்று பார்த்தால், உணவிலிருந்து பெறும் சக்தியில் நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவானதையே மிதிகளுக்குக் கொடுக்கிறது. எஞ்சியதெல்லாம் வெப்பமாகிறது. ஆகவே கால்கள் 50 உவாற்றைத் தரும்போது உடலுக்குள் 175 உவாற்றளவு வெப்பம் உண்டாகும். 150 உவாற்றைத் தரும்போது அது 500 உவாற்றுக்கு மேற்படும். முன் கூறிய பத்துக் கிலோமீற்றர்ப் பயணத்தை 24 நிமிடத்தில் முடிப்பவர், நேரம் குறைவாயினும், 40 நிமிடத்தில் முடிப்பவரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வெப்பத்தைத் தம் உடலுக்குள் உண்டாக்கிக்கொண்டு வருகிறார். அவ்வெப்பம் வெளியேற வேண்டும். குளிர் நாட்டிலே சுற்றியுள்ள காற்றே அதனை உறிஞ்சிவிடும். சித்திரை மாதத்திற் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே நிற்க, காற்றின் வெப்பம் உடலின் வெப்பத்தை நெருங்கி நிற்கும் நம் நாட்டிலோ வியர்வை ஆவியாவதொன்றே வழி. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியானால் 580 கிலோகலோரியளவு வெப்பத்தைத் தன்னோடு கொண்டு செல்லும். துளியாகி நிலத்தில் விழும் வியர்வையோ உடலைக் குளிர்விப்பதில்லை. உப்பையும் நீரையும் வீணே இழப்பதுதான் மிச்சம். கடற்கரையை அடுத்த ஈரக்காற்றில் இவ்வாறு வீணாகும் பங்கு அதிகம்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது தெரியாத வியர்வை, வண்டியை விட்டு இறங்கியதும் ஊற்றெடுப்பதை யாவரும் அறிவர். காரணம் எளிது. ஓடும்போது நாமே உண்டாக்கும் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்துகிறது. இறங்கியதும் காற்று நின்றுவிடுகிறது. தசைகளுக்குள் தேங்கிய வெப்பமோ இன்னும் சில நிமிடம் தோலை நோக்கி வந்துகொண்டேயிருக்கிறது. ஆகவே கந்தோர் வாசல் வரையில் விசையாக வந்து சடுதியாக இறங்குவதைப்போல் சட்டைக்குக் கேடு விளைப்பது வேறொன்றுமில்லை. கடைசி ஒன்றரைக் கிலோமீற்றரை மிக மெதுவாக, உலா வருவதுபோல் ஓட்டுங்கள். அதற்கு மேலதிகமாகச் செலவாவது இரண்டு மூன்று நிமிடமே. இறங்கியபின் உடனே உள்ளே சென்று அமராமல், நிழலிற் காற்றுப்படும் இடத்திற் சிறிது நேரம் நின்று, முகத்தையும் முன்கைகளையும் கழுவிக்கொண்டு செல்லுங்கள். முதுகிலே பை சுமப்பவர்க்கு ஒரு சொல்: அப்பையைக் கரியரிற் கட்டிவிடுங்கள். முதுகின் பரப்பு காற்றுப்பட வேண்டிய பரப்பு.

வெயிலுக்கு உடல் பழகுவதற்கு ஒரு கிழமை தொடக்கம் இரண்டு கிழமை வரை செல்லும். அந்நாட்களுக்குள் உடல் முந்தி வியர்க்கவும், வியர்வையில் உப்பைக் குறைத்துவிடவும் கற்றுக்கொள்கிறது. புதிதாகத் தொடங்குபவர் முதல் இரண்டு கிழமையையும் வேகத்துக்கென்று எண்ணாமற் பழக்கத்துக்கென்று ஒதுக்கிவிட வேண்டும். புறப்படுமுன் ஒரு குவளை நீரும், சென்று சேர்ந்தபின் ஒரு குவளை நீரும் பத்துக் கிலோமீற்றர்ப் பயணத்துக்குப் போதும். மாலையிற் கடும் வெயிலில் வந்தால் உப்பிட்ட மோரோ இளநீரோ நல்லது. புட்டை நிறைய உண்டுவிட்டு உடனே ஏறி விசையாக உழக்குவது வயிற்றையும் காலையும் ஒரே இரத்தத்துக்காகப் போட்டியிட வைப்பதாகும். உணவுக்கும் பயணத்துக்கும் இடையே ஒரு மணி நேரம் வையுங்கள். அது முடியாதவர் அரை வயிற்றோடு புறப்பட்டு மிகுதியைக் கந்தோரில் உண்ணலாம்.

இவ்வளவும் சொன்னபின், எவ்வளவு உழைப்புத் தகும் என்பதை அளப்பது எங்ஙனம் என்ற வினா எழுகிறது. உவாற்றை அளக்கும் கருவி நம்மிற் பெரும்பாலோரிடம் இல்லை, வேண்டியதுமில்லை. மூச்சே போதுமான அளவுகோல். ஓட்டிக்கொண்டே அருகில் வருபவரோடு முழு வாக்கியங்களாகப் பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட முடியவில்லையென்றால் அது நடுத்தர உழைப்பு. பாடவும் முடிகிறதென்றால் இலேசான உழைப்பு. நாலைந்து சொல்லுக்கொருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் அது கடும் உழைப்பு. வைத்தியர்கள் இன்று பரவலாகக் கையாளும் சோதனை இதுவே.

சுவீடன் நாட்டு உளவியலறிஞர் குன்னர் போர்க் என்பவர் 1960களில் இதனினும் நுட்பமான ஓர் அளவையை வகுத்தார். 6 தொடக்கம் 20 வரையுள்ள எண்கள் அதில் உள்ளன. 6 என்பது உழைப்பேயில்லாத நிலை, 11 இலேசானது, 13 சற்றுக் கடினமானது, 15 கடினமானது, 17 மிகக் கடினமானது, 20 அதற்கு மேல் இயலாது என்னும் நிலை. ஏன் ஒன்றில் தொடங்காமல் ஆறில் தொடங்கினார் என்று கேட்கலாம். சுகதேகியான ஓர் இளைஞர் கூறும் எண்ணைப் பத்தாற் பெருக்கினால் அவருடைய நாடித்துடிப்பு ஏறக்குறைய வந்துவிடும். அதற்காகவே அவ்வாறு அமைத்தார். தன் உடல் படும் பாட்டைத் தானே உணர்ந்து ஓர் எண்ணாற் கூறச் சொன்னால், மனிதர் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாகக் கூறுகின்றனர். நாள்தோறும் வேலைக்குப் போகும் பயணம் 11க்கும் 13க்கும் இடையில் அமைதல் வேண்டும் என்பது என் கருத்து.

220இலிருந்து வயதைக் கழித்தால் ஒருவருடைய அதியுச்ச நாடித்துடிப்புக் கிடைக்கும் என்றொரு சூத்திரமும் வழக்கில் உண்டு. 45 வயதினருக்கு 175. அது பலருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின்னாகப் பிழைக்கக்கூடியது. இரத்த அழுத்தத்துக்கெனக் கொடுக்கப்படும் சில மருந்துகள் நாடியைத் தாழ்த்தியும் வைக்கும். ஆகையால் அச்சூத்திரத்தைக் காட்டிலும் மூச்சை நம்புவதே மேல்.

நடுத்தர உழைப்பினாற் பயனுண்டோ, வியர்த்து விறுவிறுத்தாலன்றோ உடலுக்கு நன்மை என்று சிலர் கேட்பர். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தோர் ஒருவர்க்குக் கிழமையில் 150 தொடக்கம் 300 நிமிட நடுத்தர உழைப்பு வேண்டும். அன்றேல் 75 தொடக்கம் 150 நிமிடக் கடும் உழைப்பு வேண்டும். சுன்னாகத்திலிருந்து பட்டினத்துக்கு நாளொன்றுக்கு 80 நிமிடம் மெல்ல உழக்குபவர், கிழமையில் ஐந்து நாளிலே 400 நிமிடத்தை எட்டிவிடுகிறார். அவர் ஒரு தடவையேனும் மூச்சிரைக்காமலே தமக்கு விதிக்கப்பட்டதைத் தாண்டிவிட்டார். பிரித்தானியாவில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வொன்று, வேலைக்குத் துவிச்சக்கர வண்டியிற் செல்வோரிடையே இருதய நோயும் புற்றுநோயும் அகால மரணமும் குறைவாயிருந்தமையைக் காட்டிற்று. வண்டியேறுவோர் இயல்பாகவே சுகதேகிகளாய் இருந்திருக்கலாம் என்ற ஐயத்துக்கு இடமுண்டெனினும், வேறுபாடு புறக்கணிக்கத்தக்கதன்று.

எனினும் மறுபக்கத்தையும் கூறுதல் கடன். கோபன்ஹேகன் நகரத்தாரைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வொன்றில், எவ்வளவு நேரம் ஓட்டினர் என்பதைக் காட்டிலும் எவ்வளவு விசையாக ஓட்டினர் என்பதே ஆயுளோடு மிகுதியாகத் தொடர்புற்றிருந்தது. அங்கே விசை என்றது அவரவர் தம் ஆற்றலுக்கு ஏற்ப உணர்ந்த விசையையே. மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்ற கணக்கையன்று. அறுபது வயதினருக்கு 15 கிலோமீற்றரே விசையாயிருக்கலாம். இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், இடைக்கிடை இருதயத்தைச் சற்று முடுக்கிவிடுதல் நன்று என்பதே. அதற்கு உகந்த வேளை மாலைப் பயணம். மாலையில் நேரத்துக்குச் சேர வேண்டிய கந்தோர் இல்லை. சட்டை நனைந்தாற் கிணற்றடி காத்திருக்கிறது.

கிழமையில் இரண்டு மாலை, செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதற் பத்து நிமிடம் மெல்லச் சென்று தசைகளைச் சூடாக்குங்கள். பட்டினத்தின் நெரிசலைத் தாண்டி நேர்த்தெரு வந்தபின் மூன்று நிமிடம், போர்க்கின் அளவையில் 15 என்று சொல்லத்தக்க விசையோடு உழக்குங்கள். பின் மூன்று நிமிடம் மெல்ல. இவ்வாறு நான்கு முறை செய்தபின், எஞ்சிய தூரத்தை ஆறுதலாகக் கடந்து வீடு சேருங்கள். அடுத்தடுத்த இரு நாட்களில் இதனைச் செய்யலாகாது. கடும் உழைப்பின்போது தசைகளிற் சேமித்து வைத்த மாச்சத்துச் செலவாகிறது. அது மீண்டும் நிரம்புவதற்கு ஒரு நாளளவு வேண்டும். உடல் வலுப்பெறுவது உழைக்கும்போதன்று, அதற்குப்பின் ஓய்ந்திருக்கும்போதே. காலையிற் படுக்கையிலிருந்து எழுமுன் நாடியை எண்ணிப் பழகினால், வழக்கத்தைவிட எட்டுப் பத்துத் துடிப்புக் கூடியிருக்கும் நாளிலே உடல் இன்னும் ஆறவில்லை, அன்றேற் காய்ச்சலொன்று வரப்பார்க்கிறது என்று அறிந்துகொள்ளலாம். அன்று மெல்லவே செல்லுங்கள். பஸ்ஸிற் சென்றாலும் குறைவில்லை.

இத்திட்டம் நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருப்பவர்க்கு உரியது. சாந்து குழைத்துக் கல் தூக்கும் மேசனுக்கும், தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவர்க்கும், சந்தையில் மூடை சுமப்பவர்க்கும் உரியதன்று. அவர்களுடைய உடல் எட்டு மணி நேரம் உழைக்கப்போகிறது, அல்லது உழைத்துவிட்டு வருகிறது. அவர்களுக்குத் துவிச்சக்கர வண்டி காலை ஆறவைக்கும் ஊர்தியாய் இருத்தல் வேண்டும். அவர்கள் இரு வழியிலும் 10 அல்லது 11 என்னும் இலேசான அளவிலேயே செல்லட்டும். தேகப்பயிற்சி பற்றி எழுதுவோரும் பேசுவோரும் பெரும்பாலும் நாற்காலிக்காரராயிருப்பதால் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

எல்லாத் திட்டத்தையும் கெடுக்கும் ஒருவர் தெருவில் இருக்கிறார். அவர்தான் நம்மைத் திடீரென முந்திச் செல்லும் முன்பின் அறியாத மனிதர். அவர் முந்தியதும் நம் கால்கள் நம்மைக் கேளாமலே விசைகொள்கின்றன. ஐம்பது வயதுத் தலைமையாசிரியரும் பதினைந்து வயதுப் பையனாகிவிடுகிறார். முந்தியவர் அடுத்த ஒழுங்கையிலே திரும்பி மறைந்துவிடுவார்; ஏறிய மூச்சு இறங்கப் பத்து நிமிடம் செல்லும். அவரைப் போகவிடுங்கள்.

முழங்கால் நோவுக்கு வருவோம். ஒரே பல்லமைப்புள்ள நம் வண்டிகளில், முன்பக்கத்துப் பற்சக்கரத்தில் 44 பல்லும் பின்பக்கத்துப் பிறீவீலில் 18 பல்லும் இருந்தால், 28 அங்குலச் சக்கரத்துக்கு ஒருமுறை மிதியைச் சுற்றும்போது வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் நகரும். மணிக்கு 15 கிலோமீற்றரில் நிமிடத்துக்கு 46 சுற்று. எதிர்க்காற்றில் 9 கிலோமீற்றருக்கு இறங்கினால் நிமிடத்துக்கு 27 சுற்றே. சுற்று குறையக் குறைய ஒவ்வொரு மிதிப்பிலும் முழங்கால் தாங்கும் பாரம் கூடும். காற்று மிகுந்த வழியில் நாள்தோறும் செல்பவர் பிறீவீலை 20 பல்லுள்ளதாக மாற்றிக்கொண்டால் மிதிப்பு இலேசாகும்; திருத்தகத்தில் ஒரு மணி நேர வேலை. இருக்கையைத் தாழ்த்தி வைத்து, இரண்டு காலும் நிலத்திற் படும்படி ஓட்டுவது நம்மவர் பலரின் வழக்கம். முழங்கால் நோவுக்கு அது பெருங் காரணம். குதிக்காலை மிதியின்மேல் வைத்து, மிதி மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது கால் நேராக நீளும்படி இருக்கையை உயர்த்துங்கள். பின்னர் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதளவே மடங்கியிருக்கும். புடைவை உடுத்து ஓட்டும் ஆசிரியைமார் இறங்க வசதியாயிருக்க வேண்டுமென்று இருக்கையைத் தாழ்த்துவதுண்டு; ஒரேயடியாக உயர்த்தாமல், கிழமைக்கு ஒரு விரற்கடையாக உயர்த்தி வந்தால் அச்சம் தோன்றாது. ரயரிற் காற்றுக் குறைந்திருந்தாலும் செயின் எண்ணெயின்றி வறண்டிருந்தாலும் உழைப்பு வீணே கூடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, எந்த அளவையையும் பாராது உடனே நிறுத்த வேண்டிய குறிகள் சில உள. நெஞ்சில் இறுக்கமோ பாரமோ தோன்றினாலும், அந்நோ தோளுக்கும் கைக்கும் தாடைக்கும் பரவினாலும், தலை சுற்றினாலும், உழைப்புக்குப் பொருந்தாத குளிர் வியர்வை வந்தாலும், எதிர்க்காற்றென்றும் வாயுவென்றும் சமாதானம் சொல்லிக்கொண்டு தொடர்ந்து ஓட்டலாகாது. இறங்கி நிழலில் அமர்ந்து, அருகிலுள்ளவரை அழைத்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். வண்டியை யாரேனும் வீட்டில் விடுவர். கடும் வெயிலிற் பிதற்றலோ மயக்கமோ கண்டால் உடலை நீரால் நனைத்து விசிறி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர், நெடுங்காலம் உடலுழைப்பின்றி இருந்தவர், இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர் ஆகியோர் மெல்ல ஓட்டுவதற்குப் பொதுவாகத் தடையில்லை. ஆனால் மேலே சொன்ன செவ்வாய் வெள்ளித் திட்டத்தைத் தொடங்குமுன் தம் வைத்தியரைக் கண்டு வருவாராக. இன்சுலின் ஏற்றிக்கொள்வோருக்கும், நீரிழிவுக்குச் சில வகைக் குளிசைகள் உட்கொள்வோருக்கும் வழியில் இரத்தத்தின் சீனி சடுதியாக இறங்கக்கூடும். கை நடுங்கிப் பசியெடுத்துக் கண் மங்கினால் அதுவே அடையாளம். அவர்கள் சட்டைப் பையிற் குளுக்கோசு வில்லையோ சிறிது சீனியோ வைத்துக்கொண்டு புறப்படுவது அவசியம். அது கைவசமில்லாத நாளிற் பனங்கட்டித் துண்டு ஒன்றேனும் இருக்கட்டும்.